இரண்டு நாட்டு வேர், ஒரே ஜெர்சி: தேசிய அணித் தகுதி எப்படி முடிவாகிறது?

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் இல்லாத குடும்பங்கள் குறைவு. கொழும்பு, துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று பரந்து கிடக்கிறார்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில் சொந்தம் இருக்கும். அதனால்தானோ என்னவோ, இரண்டு நாட்டு வேர் கொண்ட ஒரு கால்பந்து வீராங்கனை பற்றிச் செய்தி வந்தால் இங்கே பேச்சு சட்டென்று சூடாகிவிடுகிறது. "பிறந்த நாட்டை விட்டுட்டுக் காசுக்குப் போயிட்டா" என்பார் ஒருவர். "நம்ம ஊர்ப் பேத்திங்க லண்டன்ல நல்லா ஆடுதாமே, இந்தியாவுக்கு ஏன் கூப்பிட மாட்டேங்கிறாங்க?" என்பார் இன்னொருவர்.

முதல் பேச்சு பெரும்பாலும் அநியாயமானது. இரண்டாவது பேச்சில் ஆசை இருக்கிறது, ஆனால் விதி தெரியவில்லை. ஒரு வீராங்கனை எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதைப் பாசமோ பணமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு எழுதப்பட்ட ஒழுங்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வக்கீலாக இருக்க வேண்டியதில்லை.

கிளப் வேறு, தேசிய அணி வேறு

குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. கிளப் என்பது சம்பளம் கொடுத்து ஆட்டக்காரரை வேலைக்கு வைக்கும் அமைப்பு. எந்த நாட்டுக்காரரும் எந்த நாட்டு கிளப்பிலும் ஆடலாம். ஒப்பந்தமும் விசாவும் இருந்தால் பெரும்பாலும் போதும். மதுரையின் சேது எஃப்சி 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அந்த அணிக்காகக் கோல் அடித்துக் குவித்தவர்களில் ஒருவர் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. அதனால் அவர் இந்திய வீராங்கனை ஆகிவிடவில்லை. நேபாள அணிக்குத்தான் தொடர்ந்து ஆடினார்.

தேசிய அணி அப்படி இல்லை. அங்கே ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்க முடியாது. யார் ஆடலாம் என்ற விதியை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வகுக்கிறது. ஒரு வீராங்கனை கிளப் மாறினால் அது வேலை மாற்றம். நாடு மாறினால், அதை ஃபிஃபா வாழ்நாளில் ஒரே ஒரு முறைக்கு மேல் பொதுவாக அனுமதிப்பதில்லை.

முதல் வாசல்: குடியுரிமை

மண்டபம் துறையில் நிற்கும் ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். மரம் எங்கிருந்தோ வந்திருக்கும், கட்டியவர் வேறு ஊராக இருப்பார், எஞ்சின் வேறு இடத்தில் செய்ததாக இருக்கும், ஏறும் ஆட்கள் நாலு ஊர்க்காரர்களாக இருப்பார்கள். ஆனால் நடுக்கடலில் ரோந்துக் கப்பல் வந்தால் பார்ப்பது பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைத்தான். படகின் கதை முழுக்க உண்மைதான். என்றாலும் அது யாருடைய படகு என்று முடிவு செய்வது அந்த எண்.

கால்பந்தில் அந்தப் பதிவு எண்ணின் இடத்தில் இருப்பது குடியுரிமை. அதாவது, ஒரு நாட்டின் சட்டப்படி நீங்கள் அந்நாட்டவர் என்பதும், அதைக் காட்டும் பாஸ்போர்ட்டும். அந்தக் குடியுரிமை நிரந்தரமானதாக இருக்க வேண்டும். அங்கே தங்கியிருக்கும்வரை மட்டுமே செல்லும் அனுமதி போதாது. அம்மா அந்த நாடு, பாட்டி அந்த ஊர், வீட்டில் அந்த மொழிதான் பேசுகிறோம் என்பதெல்லாம் இந்த வாசலைத் திறக்காது. யாருக்குக் குடியுரிமை என்பதை ஃபிஃபா முடிவு செய்வதும் இல்லை. அது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் வேலை.

பிறக்கும்போதே இரண்டு நாட்டுக் குடியுரிமையும் வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. அப்பா ஒரு நாடு, அம்மா ஒரு நாடு, இரண்டு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்கின்றன என்றால் அப்படி அமையும். அவர்களுக்கு இரண்டு அணிகளின் கதவும் பிறந்ததிலிருந்தே திறந்திருக்கிறது. அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், மற்றதை விட்டு ஓடிப்போனதாகச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை.

இரண்டாம் வாசல்: உறவுக்குச் சான்று

குடியுரிமை பின்னால் கிடைத்தால்? அங்கே ஃபிஃபா இன்னொரு கேள்வி கேட்கிறது: இந்த நாட்டோடு உனக்கு உண்மையான தொடர்பு என்ன?

இந்தக் கேள்வி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2004-இல் கத்தார், அந்நாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில் வீரர்களுக்குப் பெரும் பணம் கொடுத்துக் குடியுரிமையும் வழங்கித் தன் அணியில் சேர்க்க முயன்றது. ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்த ஐல்டன் அவர்களில் ஒருவர். ஃபிஃபா உடனே தலையிட்டுத் தடுத்தது. பாஸ்போர்ட்டை விலைக்கு வாங்கி உலகக் கோப்பைக்கு அணி திரட்ட முடியும் என்றால் தேசிய அணி என்ற சொல்லுக்கே பொருள் இருக்காது. அந்தத் தடுப்பு சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைய விதிப்படி, புதிதாகக் குடியுரிமை பெற்றவருக்கு நான்கு தொடர்புகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லை, பெற்ற தாயோ தகப்பனோ அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லை, தாத்தா பாட்டிகளில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாதவர் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பத்து வயதுக்கு முன்பே போனவருக்கு 3 ஆண்டுகள், அதற்குப் பிறகு போனவருக்கு 5 ஆண்டுகள். பத்து முதல் பதினெட்டு வயதுக்குள் போனவர்கள், அந்த நாட்டு அணியில் சேருவதற்காகக் குடிபெயரவில்லை என்பதையும் காட்ட வேண்டும்.

ஆக, வேர் என்று நாம் சொல்வது விதியில் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் பாஸ்போர்ட், அப்புறம்தான் பாட்டி.

பூட்டு எப்போது விழுகிறது?

இரண்டு வாசலும் திறந்த பிள்ளை எந்த நொடியில் ஒரு நாட்டோடு கட்டப்படுகிறாள்? இதை நன்றாகக் காட்டும் ஆட்டக்காரர் லிலி யோஹானஸ்.

எரித்ரிய வழி வந்த குடும்பம். 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தார். பத்து வயதில் குடும்பத்தோடு நெதர்லாந்துக்குக் குடிபோனார். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பில் நடுக்கள வீராங்கனையாக வளர்ந்தார். நடுக்களம் என்றால் தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் இடையில் நின்று பந்தை வாங்கி, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் இடம். அந்த இடத்தில் 16 வயதிலேயே, 2023 நவம்பரில், பாரிஸ் அணிக்கு எதிராக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றில் முதல் பதினொருவரில் இறங்கினார். அந்தச் சுற்றில் அத்தனை இளம் வயதில் தொடக்கத்திலிருந்தே ஆடியவர் அதற்கு முன் யாரும் இல்லை.

இப்போது இரண்டு நாடுகள் காத்திருந்தன. அமெரிக்கக் குடியுரிமை பிறப்பிலேயே இருந்தது. நெதர்லாந்துக்கு ஆட வேண்டுமானால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைக்க வேண்டும். அங்கே வாழ்ந்த ஆண்டுகள் இரண்டாம் வாசலைத் திறந்துவிடும். 2024 ஜூன் 4 அன்று அமெரிக்க அணி தென்கொரியாவோடு மின்னசோட்டாவில் ஆடியது. லிலி மாற்று வீராங்கனையாக இறங்கி, சில நிமிடங்களில் கோலும் அடித்தார். அப்போது அவருக்கு இன்னும் 17 நிறையவில்லை.

"சரி, அமெரிக்காவுக்கு ஆடியாச்சு, கதை முடிஞ்சுது" என்று பலரும் நினைத்தார்கள். முடியவில்லை. அது நட்பு ஆட்டம், அதாவது எந்தக் கோப்பைக்கும் தகுதிச் சுற்றுக்கும் சேராத ஆட்டம். மூத்த அணிக்காக நட்பு ஆட்டம் எத்தனை ஆடினாலும் அதனால் பூட்டு விழாது. உலகக் கோப்பை, கண்டக் கோப்பை (ஆசியக் கோப்பை போல), ஒலிம்பிக், அவற்றின் தகுதிச் சுற்று போன்ற அதிகாரபூர்வப் போட்டியில் ஒரு நிமிடம் இறங்கினால்தான் விழும். அதனால்தான் அந்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் அணியில் லிலி இல்லை. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. 2024 நவம்பரில், அமெரிக்காவைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார். 2025-இல் அயாக்ஸை விட்டு பிரான்சின் லியோன் கிளப்புக்குப் போனார். அமெரிக்க வீராங்கனை, சம்பளம் பிரான்சில், வளர்ந்தது நெதர்லாந்தில், குடும்ப வேர் எரித்ரியாவில். இதில் எதுவும் எதையும் மறுக்கவில்லை.

அந்த ஐந்து மாத இடைவெளியை நான் மதிக்கிறேன். வெளியே எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் ஒரு பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணுக்கு யோசிக்க நேரம் கொடுத்தது இந்த விதி. நடுக்கள ஆட்டக்காரர் என்பதால் அந்த அழுத்தம் கூடவே இருந்திருக்கும். முன்கள வீராங்கனையைக் கடைசி நேரத்தில் சேர்த்தாலும் சமாளித்துவிடலாம். நடுக்களத்தில் நிற்பவர், சக ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று பழகியிருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் அவர்களைச் சீக்கிரம் கையில் பிடித்துவைக்க நினைப்பது இயல்பு.

பூட்டிய பிறகு மாற முடியுமா?

சில வழிகள் உண்டு. இதை ஃபிஃபா சங்க மாற்றம் என்கிறது. அதாவது ஒரு நாட்டுக் கால்பந்துச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு மாறுவது.

இளையோர் அணிகளில் மட்டும் ஆடியவர்களுக்கு இது ஓரளவு எளிது. 2004 விதியில் 21 வயதுக்குள் மாற வேண்டும் என்று இருந்தது. 2009-இல் அந்த வயது வரம்பை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பிறந்து அந்நாட்டு இளையோர் அணிகளில் ஆடியவர் ஆஷ்லி பிளம்ப்ட்ரே. தந்தைவழித் தாத்தா நைஜீரியர். அவர் நைஜீரியாவுக்கு மாறி 2023 உலகக் கோப்பையில் ஆடினார். அந்தக் கோப்பையில் ஆகஸ்ட் 7 அன்று பிரிஸ்பேனில் அவர் எதிர்கொண்டது இங்கிலாந்தையே. கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்தை இங்கிலாந்து பெனால்டியில்தான் வென்றது.

மூத்த அணிக்கு அதிகாரபூர்வமாக ஆடியவர்களுக்கு 2020 வரை பொதுவாக வழியே இல்லை. ஸ்பெயினில் பிறந்த மொராக்கோ வம்சாவளி ஆட்டக்காரர் முனிர் எல் ஹத்தாதியின் கதையைப் பாருங்கள். 2014-இல், 19 வயதில், ஸ்பெயினுக்காக ஒரு தகுதிச் சுற்று ஆட்டத்தில், முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது இறக்கினார்கள். அப்புறம் ஸ்பெயின் அவரைப் பயன்படுத்தவே இல்லை. 2018 உலகக் கோப்பைக்கு மொராக்கோவுக்கு ஆடலாம் என்று விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சில நிமிடங்கள் ஆறேழு ஆண்டுகளை விழுங்கின.

2020-இல் விதி தளர்ந்தது. மூத்த அணிக்கு மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமலும், அவற்றை 21 வயதுக்கு முன்பே ஆடியும், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டு ஆகியும், உலகக் கோப்பை, கண்டக் கோப்பை இறுதிச் சுற்றில் இறங்காமலும் இருந்தவர் மாறலாம். சிறு நிபந்தனைகள் இன்னும் சில உண்டு, முக்கியமானவை இவை. முனிர் 2021-இல் மொராக்கோ அணிக்கு வந்தார்.

இதுவரை சொன்னதை ஒரு வரிசையாக வைத்துக்கொள்ளலாம்: குடியுரிமை இருக்கிறதா, பின்னால் பெற்றதென்றால் தொடர்பு இருக்கிறதா, வேறு நாட்டுக்கு அதிகாரபூர்வமாக ஆடியாயிற்றா, ஆடியிருந்தால் மாற இடமிருக்கிறதா. எந்த ஆட்டக்காரரைப் பற்றிய செய்தி வந்தாலும் இந்த வரிசையில் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

நம் கரைக்கு வருவோம்

கீழக்கரையில் பிறந்த பாட்டி, லண்டனில் பிறந்த பேத்தி, பிரிட்டிஷ் பாஸ்போர்ட், நல்ல நடுக்கள ஆட்டம். இப்படி ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். பாட்டி பிறந்த மண் என்பதால் இரண்டாம் வாசல் அவளுக்குத் திறந்தே இருக்கிறது. முதல் வாசல்தான் மூடியிருக்கிறது.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் 1955 குடியுரிமைச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால் போதாதா என்று கேட்கிறார்கள். 2005 முதல் இருக்கும் அந்த அட்டை, இந்தியா வந்துபோகவும் தங்கவும் வாழ்நாள் விசா போல உதவும், குடியுரிமை ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் மட்டுமே இந்தியாவுக்கு ஆடலாம் என்று 2008 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

ஆகவே அந்தப் பேத்தி பிரிட்டிஷ் குடியுரிமையை விட்டு இந்தியக் குடியுரிமை பெற வேண்டும். ஆண்கள் அணிக்காக இதைச் செய்தவர்கள் உண்டு. இந்தியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் ஜப்பானில் பிறந்த நடுக்கள வீரர் அராட்டா இசுமி, 2012-இல் ஜப்பானியக் குடியுரிமையை விட்டு, அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயான் வில்லியம்ஸ், அம்மா மும்பைக்காரர், 2025-இல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டு இந்தியர் ஆனார். இவர்கள் இருவரும் அதற்கு முன்பே இந்திய கிளப்புகளில் ஆடி, இங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள்.

ஒரு பெண்ணுக்கு இந்த விலை இன்னும் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளுக்குச் சோறு போடுவது தேசிய அணி இல்லை, கிளப். பிரிட்டிஷ் குடியுரிமையை விட்டால் பிறந்த ஊர் கிளப்பில் ஆடவே வேலை விசா வாங்க வேண்டி வரும். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தில் நடந்த ஆட்டத்தில் நடுக்கள வீராங்கனை சங்கீதா பாஸ்போரின் இரண்டு கோல்களால் 2–1 என்று வென்று, இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அந்த வெற்றியில் ஒரு வெளிநாட்டுப் பேத்தியும் சேர்ந்துகொள்ள ஆசைப்படலாம். அவள் தயங்கினால் அதற்குக் காரணம் நாட்டுப்பற்றுக் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இலங்கைச் சட்டம் வேறு மாதிரி. விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற அங்கே இடமுண்டு. அதனால் லண்டனில் பிறந்த டில்லன் டி சில்வா போன்றவர்கள் இலங்கை ஆண்கள் அணியில் ஆட முடிகிறது. ஒரே கடலின் இரண்டு கரை. ஒரே மாதிரிப் பாட்டிகள். சட்டம் மட்டும் வேறு.

மண்டபத்துப் பிள்ளை

இதில் என் மனதை அதிகம் உறுத்துவது வெளிநாட்டுப் பேத்தியின் நிலை இல்லை. மண்டபம் முகாமில், இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையின் நிலை.

அவள் இந்த மண்ணில் பிறந்தவள். இங்கே பள்ளிக்கூடம் போனவள், இங்கே மணலில் பந்து உதைத்தவள். ஃபிஃபாவின் நான்கு தொடர்புகளில் முதல் தொடர்பே அவளிடம் இருக்கிறது. ஆனால் 1987 ஜூலை முதல், இந்தியாவில் பிறந்தது மட்டுமே குடியுரிமை தராது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அது இன்னும் இறுகியது. இரண்டு பெற்றோரும் இலங்கையர் என்றால் அவள் இந்தியக் குடிமகள் இல்லை. எவ்வளவு திறமை இருந்தாலும் இந்திய ஜெர்சியைப் போட முடியாது. பெற்றோர் வழியாக இலங்கைக் குடியுரிமை கோரலாம். அப்படிக் கிடைத்தால், பார்த்தே இராத ஒரு நாட்டின் அணிக்கு விதிப்படி தகுதி பெறுவாள்.

லண்டன் பேத்திக்கு இந்தியா தொலைவில் இருக்கிறது, ஆனால் முயன்றால் எட்டக்கூடியது. மண்டபத்துப் பிள்ளைக்கு இந்தியா காலடியில் இருக்கிறது, எட்டவில்லை. இரண்டு நாட்டு வேர் என்று நாம் பேசும்போது, பேத்தியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். இவளைப் பற்றியும் பேச வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய காகிதம்

பெற்றோருக்குக் கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தொடர்பை வாயால் சொன்னால் ஃபிஃபா ஏற்காது. பிறப்புச் சான்றிதழ் கேட்கும். பாட்டி 1940-களில் வீட்டில் பிறந்திருப்பார். நாடு முழுதுக்குமான ஒரே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-இல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது வீடுகளோடு காகிதங்களும் போயின. அங்கே பிறந்தவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை: விதி கேட்பது பிறந்த ஊர் இன்று இருக்கிறதா என்பதை இல்லை, அது எந்தச் சங்கத்தின் நிலப்பரப்பில் இருக்கிறது என்பதைத்தான்.

பதிவு இல்லாத பிறப்பைத் தாமதமாகப் பதிவு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஓராண்டு தாண்டிவிட்டால் உரிய அதிகாரியின் உத்தரவு வேண்டும். பள்ளிச் சான்று, பழைய பாஸ்போர்ட், ஞானஸ்நானப் பதிவு என்று எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பாட்டி உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. அவர் கையெழுத்தும், அவர் பிறந்ததை அறிந்த வயதானவர்களின் சாட்சியும் பிறகு கிடைக்காது.